எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்த கதை

சுத்தம் என்றால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதத்தால் ஒரு கக்கூஸையே நாசமாக்கியவள் நான். வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை என்பதால் இத்தனை வருடமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது என்னைக் கேலி செய்ய அந்தக் காலத்து ஆட்கள் அதிகம் பேர் இல்லை. எழுதிவிடலாம்.

நான் வளர்ந்தது தேக்காவில், ஒரு கடைவீட்டுக்கு மேலே. ஐந்து குடித்தனத்துக்குக் கீழே பின்கட்டில் ஒரே ஒரு வாளிக் கக்கூஸ். பின்சந்துப் பக்கம் தரையோடு ஒரு சின்னக் கதவு இருக்கும். காலையில் வாளிக்காரர் அந்தக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்துக்கொண்டு, காலி வாளியை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்ப்பதில்லை. அவர் அவசரம் அவருக்கு. உட்கார்ந்திருப்பவர்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் போன கையோடு அம்மா ஃபினாயில் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்குவாள். அந்த வாசனை மாடி வரைக்கும் ஏறி வந்தால்தான் எங்களுக்குப் பொழுது விடிந்த மாதிரி. சுத்தம் என்றால் ஃபினாயில், ஃபினாயில் என்றால் சுத்தம் என்றே வளர்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் செம்பவாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த நம் ஆட்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய பள்ளிக்கூடம் அது. இரண்டு பஸ் மாறி, ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் போகவேண்டும். சிமெண்டுத் தரை, இடுப்பு உயரத்துக்குப் பலகை, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. சின்ன வகுப்புகளை ஒரு வயதான வாத்தியார் பார்த்துக்கொண்டார். பெரிய வகுப்புகள் என் பாடு. மணி அடிப்பது நான், பதிவேடு எழுதுவது நான், பெற்றோரோடு மல்லுக்கு நிற்பதும் நான்.

நிலத்தை யாரோ ஒரு புண்ணியவான் சும்மா கொடுத்திருந்தார். ஏன் சும்மா கொடுத்தார் என்பது முதல் மழையிலேயே தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சுங்கை, உப்பாறு. கடலில் தண்ணீர் ஏறினால் அதிலும் ஏறும். அதில் ஏறினால் எங்கள் காலடியிலும் ஏறும். மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்தினால் மூன்றாவது கொத்துக்குத் தண்ணீர் வந்து நிற்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. பையன்களுக்கு உப்பாற்றங்கரை முழுக்கச் சொந்தம். எனக்கும் குறை இல்லை. எதிர்வரிசையில் ஒரு காப்பிக்கடை இருந்தது. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து மனிதர், மரியாதைக்காரர். அவர் மனைவி இடைவேளையில் என்னைப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் விட்டுவிடுவார். அங்கே மேட்டில் நல்ல கக்கூஸ் இருந்தது. போய்விட்டு, அவர் கையால் ஒரு காப்பியும் குடித்துவிட்டுத் திரும்புவேன். பெண்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வயது, ஒல்லி, கணக்கில் புலி. கரும்பலகையில் நான் தப்பாகக் கூட்டினால் எழுந்து நின்று, "டீச்சர், மறுபடி ஒரு தரம் பாருங்களேன்" என்பாள். தப்பு என்று சொல்லமாட்டாள். அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும். அடுத்த வருடம் ஆறாம் வகுப்புத் தேர்வில் இவளை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தின் மானத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெண் திடீரென்று பத்து நாள் வரவில்லை. பதினோராவது நாள் நான் அவள் வீட்டுக்குப் புறப்பட்டேன், சண்டைக்குத்தான்.

அவள் அப்பா கப்பல் பட்டறையில் துரு தட்டித் தார் பூசுகிறவர். அதிர்ந்து பேசாதவர். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே கேட்டேன்.

"பிள்ளைய ஏன் அனுப்பல?"

"ஒடம்பு சரியில்ல டீச்சர். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு."

"என்ன ஒடம்புக்கு?"

உள்ளேயிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னார். "ஒண்ணுக்குப் போக முடியாம துடிச்சுப் போயிட்டா டீச்சர். காய்ச்சல் வேற. நாள் பூரா அடக்கி அடக்கி உள்ள சீழ் புடிச்சிருக்காம். தண்ணியே குடிக்கறதில்லையான்னு டாக்டர் கேக்கறாரு."

"ஏன், பள்ளிக்கூடத்துல தண்ணி பானை இருக்கே?"

"குடிச்சா போவணும்ல டீச்சர்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஜனவரியில பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஒரு கக்கூஸ் வந்துச்சுன்னா அனுப்பறேன் டீச்சர். வரலைன்னா வேணாம். படிப்பு வேணும்தான். அதவிட பிள்ளை வேணும்ல."



கமிட்டியைக் கூட்டினேன். கமிட்டியில் ஒருவர் பட்டறையில் ஃபிட்டர். குழாய் வேலையில் கெட்டிக்காரர், கோபத்தில் எனக்கு அண்ணன். முதலில் எல்லாரும் சாதாரணக் குழிக் கக்கூஸ்தான் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றடி தோண்டினார்கள். திங்கட்கிழமை காலை சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். குழியை மூடினோம்.

அப்புறம் ஃபிட்டர்தான் செப்டிக் டேங்க் என்றார். காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். தொட்டிக்குள் போவதெல்லாம் அடியில் தங்கும், அங்கே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று கரைக்கும், மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் மட்டும் குழாய் வழியாக வெளியேறி, செங்கல் ஜல்லி போட்ட வாய்க்காலில் இறங்கி மண்ணுக்குள் போகும். எங்கள் மண் ஏற்கெனவே கழுத்துவரை குடித்துவிட்டு நிற்கிறதே என்று கேட்டேன். வெயில் நாளில் ஏதோ கொஞ்சம் இழுக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

செங்கல் தொட்டி கட்டினால் ஈரத்தில் காயாது என்று, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டியை லாரியில் கொண்டுவந்தார்கள். அதற்கு உள்ளும் புறமும் தார் பூசிக் கொடுத்தது அந்தப் பெண்ணின் அப்பாதான். இரண்டு ஞாயிறு ஆளாளுக்குத் தண்ணீரை இறைத்து இறைத்துக் குழி தோண்டி, தொட்டியை இறக்கி, சட்டென்று தண்ணீர் நிரப்பி, மண்ணைத் தள்ளி மூடினார்கள். மேலே ஒரு சின்னத் தகர அறை. அக்டோபரில் எங்கள் பெண்பிள்ளைகள் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸுக்குப் போனார்கள். அந்தப் பெண் இன்னும் தேறவில்லை, வீட்டில் இருந்தாள். "இருக்கட்டும் டீச்சர், நல்லா ஓடுதான்னு பாத்துட்டு ஜனவரியில அனுப்பறேன்" என்றார் அவள் அப்பா.

இனிமேல்தான் என் கைவரிசை.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை நான் தேக்காவிலிருந்து ஒரு ஃபினாயில் பாட்டில் வாங்கிக்கொண்டு போய், முழு பாட்டிலையும் அந்தக் கக்கூஸில் கவிழ்த்துவிட்டு வருவேன். அப்படியும் நாலு வாரத்தில் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையோடு திங்கட்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். நாற்றம் இன்னும் கூடியது. டிசம்பர் விடுமுறை வந்தது. வருடப் பிறப்பு வருகிறது, பின்னாலேயே பொங்கல் வருகிறது. உலகத்தில் தமிழர்கள் வீட்டில் எல்லாம் பழையதைக் கழித்து, சுவரைக் கழுவி, பானையைத் தேய்க்கிற நேரம். என் பள்ளிக்கூடத்துக்கு அடியில் மட்டும் போன அக்டோபர் அழுக்கு தேங்கிக் கிடக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டியை எப்போது காலி செய்வது என்று முன்பே ஃபிட்டரிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டு மூணு வருஷம் ஆகும்" என்றார். ஆண்பிள்ளைகள் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கு போயிருந்தார்.

கூலிக்கு இரண்டு ஆட்களை அழைத்து, தொட்டியைச் சொட்டு மிச்சமில்லாமல் வாரி வெளியேற்றச் சொன்னேன். அந்த இருவரும் முகம் சுளிக்காமல் செய்தார்கள். நான்தான் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "அந்த மூலை, இந்த மூலை" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இறங்கித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தார்கள். கடைசியாக இரண்டு பாட்டில் ஃபினாயில். மூடியைப் போட்டபோது அந்தத் தொட்டிக்குள் பொங்கலே வைக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. திருப்தியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் கூரை ஒழுகியிருக்குமோ என்று பார்க்கப் போனேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடம் முழுக்க முழங்கால் தண்ணீர். அதன் நடுவில் எங்கள் செப்டிக் டேங்க், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே வந்திருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, தகர அறையைத் தலையில் தூக்கிக்கொண்டு, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குழாய் முறிந்து வானத்தைப் பார்த்தது.

காப்பிக்கடைக்காரர் மனைவி குடையோடு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். "ராத்திரி பூரா கர்ரு கர்ருன்னு சத்தம்மா. என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம்" என்றார். எனக்கு ஏன் என்று புரியவில்லை. ஆனால் ஜனவரி வர இரண்டு வாரம்கூட இல்லை என்பது மட்டும் புரிந்தது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஃபிட்டர் பினாங்கிலிருந்து வந்தார். வந்ததும் தொட்டியை ஒரு சுற்று சுற்றினார். மூடியைத் திறந்து மோந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு காலி பண்ணது?"

"நான்தான் அண்ணே. சுத்தமா இருக்கட்டும்னு."

"சுத்தமா?" என்று கத்தினார். "ஏன் டீச்சர், அதுக்குள்ள இருக்கறது அழுக்குன்னா நெனச்சீங்க? அத்தனையும் உசுரு! அதுதான் உக்காந்து வேல பாக்குது. அதுக்குப் போயி வாரா வாரம் வெசம் வச்சிருக்கீங்க. செத்துச்சு, நாறிச்சு. வேல பாக்குறவன கொன்னுபுட்டு வேல நடக்கலைன்னா எப்படி?"

நானும் சும்மா இருக்கவில்லை. "நாறினது என் தப்பு, சரி. மெதந்தது யார் தப்பு?" என்றேன்.

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. "டீச்சர், கமிட்டியில பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேரும் டாக்யார்டு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கப்பலோடதான் கெடக்கறோம். காலியான இரும்புப் பெட்டி தண்ணியில மெதக்கும்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா பாருங்க! கப்பலைக் கொண்டாந்து பொதைச்சிருக்கோம், மேல வந்துருச்சேன்னு அதிசயப்படறோம்!"

அவர் சிரித்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும் மறுபடி புதைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். இந்தத் தொட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டினாலும், வெளியேறுகிற தண்ணீரை இந்த மண் மழைக்காலத்தில் வாங்காது. கமிட்டிக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர், "நாம செய்யறதை செஞ்சு பாத்துட்டோம் டீச்சர்" என்று முடித்துவிடப் பார்த்தார். நான் விடவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் அடிக்கச் சொன்னால் கூடவே என் பெயரையும் அடித்துவிடுங்கள் என்று கத்தினேன்.

வழி சொன்னவர் பக்கத்து நிலத்துச் சீனர். கீரை பயிரிடுகிறவர். இரும்புத் தொட்டி மிதக்கிற வேடிக்கையைப் பார்க்க அவரும் வேலியோரம் வந்து நின்றிருந்தார். எங்கள் பேச்சு என்னவென்று மலாயில் ஃபிட்டர் அவருக்குச் சொன்னதும், தன் தோட்டத்தைக் கையால் காட்டினார். அவருடைய பாத்திகள் எல்லாம் இடுப்பு உயரம். பலகை அடித்து, மண் கொட்டி, தரைக்கு மேலேயே தோட்டம் வைத்திருந்தார். அதே உப்பாறுதான் அவருக்கும். "ஆயேர் நாயிக், கித்தா புன் நாயிக் லா" என்றார். தண்ணீர் ஏறினால் நாமும் ஏறவேண்டியதுதானே என்று அர்த்தம். இதில் என்ன பெரிய யோசனை என்பது போல் போய்விட்டார்.

ஃபிட்டர் அப்படியே மண்ணில் குந்திக் குச்சியால் படம் போட்டார். தொட்டியைப் புதைக்கவேண்டாம். செங்கல் மேடை கட்டி அதன்மேல் உட்காரவைப்போம். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாத்தி. சுற்றிலும் பழைய தண்டவாளக் கட்டைகள், அடியில் இரண்டடிக்கு மணல், அதன்மேல் செங்கல் ஜல்லி, ஜல்லி நடுவே ஓட்டை போட்ட குழாய், மேலே மண். தொட்டியிலிருந்து தெளிந்து வரும் தண்ணீர் அந்தக் குழாயில் போய்ப் பரவி, மணலில் மெல்ல வடிந்து சுத்தமாகித்தான் தரைக்கு வரும். தண்ணீர் அதிகம் குடிக்கிற செடி வேண்டும் என்று கல்வாழை நட முடிவானது. எல்லாம் சரி, தண்ணீர் மேலிருந்துதானே கீழே போகும்? அப்படியென்றால் கக்கூஸ் தொட்டிக்கும் மேலே இருக்கவேண்டும். எட்டுப் பலகைப் படி வந்தது.

வருடக் கடைசி லீவில் பட்டறைக்காரர்கள் யாரும் வீட்டில் இருக்கவில்லை. செயின் போட்டுத் தொட்டியை இழுத்தார்கள், மணல் கொட்டினார்கள், கட்டை அடுக்கினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா தொட்டியின் வெளிப்பக்கத்துக்கு மறுபடி தார் பூசினார். கடைசி நாள் ஃபிட்டர் தன் குவார்ட்டர்ஸ் செப்டிக் டேங்கிலிருந்து இரண்டு வாளி கறுப்புக் குழம்பைக் கொண்டுவந்து எங்கள் தொட்டியில் ஊற்றினார்.

"இது எதுக்கு அண்ணே?"

"பாலுக்கு ஒறை ஊத்தறீங்கல்ல, அதுமாதிரி. எங்க குடுங்க அந்த ஃபினாயில் பாட்டிலை."

கொடுத்துவிட்டேன். இனிமேல் தொட்டியைக் காலி செய்வதானாலும் பாதித் தண்ணீராவது உள்ளே வைத்துத்தான் செய்வேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. நடுவில் உயரமாக, வர்ணம் அடித்து, ரோட்டைப் பார்த்து எட்டுப் படியோடு எங்கள் கக்கூஸ் நின்றது. படியை ரோட்டுப் பக்கம் வைக்கச் சொன்னது நான்தான், பார்வையாக இருக்கட்டும் என்று. முதல் நாள் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று படியேறியது. பையன் ஒருவன், "டேய், மேல ஏறுறா பாருடா!" என்று கத்தினான். காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தினார்கள். குழந்தை பாதிப் படியில் நின்று அழுதுகொண்டே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருத்தியும் ஏறவில்லை. பெரிய பெண்களைக் கேட்டால், "வரல டீச்சர்" என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. "கோபுரம் மாதிரி கட்டி வச்சிருக்கோம், ஏறுறதுக்கு என்ன கேடு!" என்று அவர்களைத்தான் திட்டினேன். அந்தப் பெண்ணும் வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று. ஒருநாள் சாயங்காலம் அவள் அப்பா காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, அவர் குடிக்கவில்லை. எங்கள் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இன்னும் என்ன சாக்கு தேடுகிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரோட்டைக் கடந்து அவரே வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கடை நாற்காலியிலேர்ந்து பாத்தா எட்டுப் படியும் தெரியுது. ஏறுறதும் தெரியுது, எறங்குறதும் தெரியுது. எம் பிள்ள ஏறமாட்டா." உப்பாற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "ஞாயித்துக்கெழம நான் வந்து படியைத் திருப்பி வைக்கட்டுமா?"

இரண்டு வேலையாட்கள், இரண்டு வாத்தியார்கள், ஃபிட்டரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் கமிட்டி. இவர் ஒருவர்தான் ஒரு பெண்பிள்ளையின் கண்ணால் அந்தப் படியைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வைங்கண்ணே என்று மட்டும் சொன்னேன்.

கப்பலின் வயிற்றில் சாரம் கட்டித் தொங்குகிற கை அது. ஞாயிறு மத்தியானத்துக்குள் படிகளைக் கழற்றி உப்பாற்றுப் பக்கம் திருப்பிவிட்டார். வகுப்பறையின் பின்வாசலிலிருந்து படி வரைக்கும் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பழைய கித்தான் துணியைக் கட்டினார். பின்வாசலில் புகுந்தால் மேலே போகிறவர்களை ஒருவரும் பார்க்கமுடியாது. திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பில் வேறொரு பெண் எழுந்து, விரலைக் காட்டாமல், தலையைக் குனியாமல், "டீச்சர், மாடிக்குப் போயிட்டு வரேன்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கப்புறம் கக்கூஸ் என்ற சொல்லே எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் போயிற்று. எல்லாரும் மாடிக்குத்தான் போனார்கள். பின்னால் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், அத்தாப்புக் கூரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடியில எத்தனை வகுப்பு நடக்குது?" என்று கேட்டார்.

பொங்கல் முடிந்த மறுநாள் அந்தப் பெண் வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் கண்ணில் பழைய குறும்பு இருந்தது. துணைக்கு அவள் அக்கா வந்திருந்தாள். பதினாறு வயது இருக்கும், பாவாடை தாவணி, தலை நிறையப் பூ. எனக்கு முகம் உடனே பிடிபடவில்லை. "என்னத் தெரியலையா டீச்சர்?" என்று சிரித்தபோதுதான் தெரிந்தது. மூன்று வருடம் முன்னால் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். பாதியில் நின்றுவிட்டவள். அதன்பிறகு நீசூனில் அத்தை வீட்டோடு இருந்தாளாம். பொங்கலுக்கு வந்திருக்கிறாள். வைகாசியில் கல்யாணமாம்.

தங்கையை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, அவள் போகாமல் நின்றாள். "டீச்சர், அந்த மாடிய நான் ஒரு தரம் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள். பின்வாசல் வழியாகப் போனாள். கித்தானுக்குப் பின்னால் அவள் கொலுசுச் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறியது. திரும்பி வந்து, பின்வாசலில் வைத்திருந்த அண்டாத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு டீச்சர். மேலேர்ந்து பாத்தா ஆறு கூட தெரியுது." பிறகு ஈரக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அப்ப இது இல்லையே."

"அதுக்காகவா நின்னே? படிப்பு புடிக்கலைன்னு உங்கப்பா சொன்னாரே."

"அப்பாகிட்ட அப்படித்தான் சொன்னேன். வேற என்னன்னு சொல்றது? ஒங்ககிட்டதான் டீச்சர் சொன்னேன். தெனம் பதினோரு மணிக்கு வயித்த வலிக்குதுன்னு சொல்லலையா? வீட்டுக்குப் போறேன்னு கேக்கலையா? கணக்குப் பாடத்துக்குப் பயந்து பொய் சொல்றேன்னு பெஞ்சு மேல நிக்க வச்சீங்களே. மறந்துட்டீங்களா?"

நான் மறந்துதான் போயிருந்தேன். அவள் சொன்ன பிறகு எல்லாம் வந்தது. ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டு பெஞ்சு மேல் அவள் நின்றது, நேராக நில் என்று நான் பிரம்பால் மேசையைத் தட்டியது, எல்லாம். அவளைப் பற்றிப் பதிவேட்டில் 'படிப்பில் நாட்டமில்லை' என்று என் கையெழுத்தில் எழுதியதும் வந்தது.

கோபமாகச் சொன்னாலாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் பழைய வேடிக்கையைச் சொல்வது போலத்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் வகுப்பு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, நான் டீச்சராக இருந்தேன்.